விளையாட்டு கோட்டாவில் வந்தவர்கள்

1980-களின் நடுவில் சென்னையில் ஒரு பொதுத்துறை வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எங்கள் கிளையில் 'விளையாட்டு கோட்டா' ஆட்கள் என்றால் மற்றவர்களுக்கு ஒரு இளக்காரம். காலையில் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்காலி காலி. டோர்னமென்ட் நாட்களில் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'ஆன் டியூட்டி' என்று எழுதியிருக்கும். அன்றைய கணக்கு நேராகாமல் பேலன்ஸ் உதைத்து, ராத்திரி எட்டு மணி வரை லெட்ஜரைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தச் சிவப்பு மை கண்ணை உறுத்தும். அவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கவும் யாரும் மெனக்கெட்டதில்லை. "நாளைக்கு இந்தியாவுக்கு ஆடப் போறவனுக்கு எதுக்கு சார் டே புக்?" என்பார் ஹெட் கிளார்க். பாதி கிண்டல், பாதி நிஜமான நம்பிக்கை.

அவர்களில் யாரும் இந்தியாவுக்கு ஆடவில்லை. எல்லோருமே ஒரு காலத்தில் ஆடியே தீருவார்கள் என்று பேசப்பட்டவர்கள்.

அண்ணாச்சி கோவில்பட்டிக்காரர், ஹாக்கியில் வலப்பக்கத்து முன்வரிசை ஆட்டக்காரர், அதாவது ரைட் இன். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் ஹாக்கி தெருவுக்குத் தெரு உண்டு என்பது வடக்கே இருப்பவர்களுக்கு இன்றும் ஆச்சரியம்தான். அவர் பழகியது கட்டாந்தரையில். சரளைக்கல்லில் பட்டு பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பந்தை மட்டையோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டும், கை மெத்தென்று இருக்க வேண்டும். ஒருநாள் ஆபீஸ் முடிந்தபின், லெட்ஜரில் கோடு போடும் உருளைத் தடியை எடுத்துக்கொண்டார். பழைய வவுச்சர் தாளைக் கசக்கி ரப்பர் பேண்டு சுற்றிப் பந்தாக்கினார். குனிந்து, அந்தத் தடியாலேயே தாள் உருண்டையைத் தட்டித் தட்டி, நாற்காலிக் கால்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கேஷ் கவுன்ட்டர் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். எந்தக் காலிலும் படவில்லை. கூட்டிப் பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு ஹாக்கி தெரியாது. ஆனால் இது எல்லோருக்கும் வருவதில்லை என்பது புரிந்தது.

அவருக்குத் தேசிய முகாமுக்கு அழைப்பு வந்தது. போனார், திரும்பி வந்துவிட்டார். என்ன அண்ணாச்சி ஆச்சு என்று கேட்டதற்கு, "தரையே வேற தம்பி. பந்து வருதுன்னு கையை நீட்டுதேன், அது என்னைத் தாண்டிப் போயி ரொம்ப நேரமாச்சு" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஏழாவது இடத்துக்குப் போனது. ஒலிம்பிக் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது அங்கேதான். 1980-ல் மாஸ்கோவில் நம் பாஸ்கரன் தலைமையில் தங்கம் கிடைத்தது என்றாலும், பல பெரிய அணிகள் அந்த ஒலிம்பிக்குக்கே வரவில்லை. 1984-ல் ஐந்தாவது, 1988-ல் ஆறாவது. தண்ணீர் அடித்த செயற்கைத் தரையில் பந்து எகிறாது, வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே மட்டையோடு கொஞ்சுவதைவிட ஓட்டமும் நீளமான பாஸும்தான் செல்லும். கெண்டைக்காலும் முதுகும் வேறு விதமாக உழைக்க வேண்டும். இதைச் சின்ன வயதிலேயே பழகியிருக்க வேண்டும். கோவில்பட்டியில் வளர்ந்த பையன் அந்தத் தரையை முதலில் கண்ணால் பார்த்ததே முகாமில்தான். இதில் அவருடைய குறை என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திரும்ப முயற்சி செய்திருக்கலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன். அவருக்குக் கீழே தங்கைகள், அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கூலி. வங்கி அனுப்பிய நியமன ஆர்டரை அவர் அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்திருந்தார். நான் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். அந்த வீட்டைப் பொறுத்தவரை ஹாக்கி எதற்காக ஆடப்பட்டதோ அது கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஆடுவது உபரி. இந்தியத் தொப்பி என்பது எங்களைப் போல வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த அளவுகோல்.

திறமை இருந்தும் மேலே வராதவர்களைப் பற்றி நம் ஊரில் ஒரு தயார்க் கதை உண்டு. தலைக்கனம், குடி, கெட்ட சகவாசம். கேன்டீனில் லெக் ஸ்பின்னர் சிவராமகிருஷ்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் அங்கேதான் போய் முடியும். அவருடைய கணக்கைப் பாருங்கள். 1983-ல் ஆன்டிகுவாவில், 17 வயதில் டெஸ்ட் அறிமுகம். இந்தியாவுக்கு அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் டெஸ்ட் ஆடியதில்லை. 1984 கடைசியில் பம்பாய் டெஸ்ட்டில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு விக்கெட். அடுத்த டெல்லி டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் மறுபடி ஆறு. அந்த ஒரு தொடரில் மட்டும் 23. மொத்த டெஸ்ட் வாழ்க்கையில் 26. கடைசி டெஸ்ட் ஆடும்போது வயது 20. வெளியே இருந்தவர்கள் இடைவெளியை வதந்தியால் நிரப்பினார்கள். தன் நிறத்தை வைத்து வாழ்நாள் முழுக்கப் பாகுபாட்டைச் சந்தித்ததாக 2021-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கேன்டீன் பேச்சில் அது ஒரு நாளும் வந்ததில்லை.

எங்கள் கிளையிலும் ஒரு லெக் ஸ்பின்னர் இருந்தார். லீக் மேட்ச்களில் வண்டி வண்டியாக விக்கெட் எடுத்தவர். குடி கிடையாது, சிகரெட் கூடக் கிடையாது, சபரிமலைக்கு மாலை போடுகிறவர். ஒரு சீஸனில் பந்து பாதியிலேயே குத்த ஆரம்பித்தது. ஒரு கோச் கையை உயர்த்து என்றார், இன்னொருவர் ஓட்டத்தைக் குறை என்றார், ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பழைய ஆக்‌ஷனும் போய்விட்டது. டோக்கன் கவுன்ட்டரில் உட்கார்ந்து பித்தளை டோக்கனை விரலிடுக்கில் சுண்டிச் சுண்டி கூக்ளி பிடித்துப் பார்ப்பார். வாடிக்கையாளர் "சார், டோக்கன்" என்று கேட்டபிறகுதான் திரும்பி வருவார். அவருடைய கதையில் எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சில பேருக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

வாலிபால்காரர் கதை வேறு. நல்ல உயரம், வலைக்கு மேலே அரை உடம்பு தெரியும் அடி. முழங்கால் வீங்கியிருந்த சமயத்தில் வங்கிகளுக்கு இடையேயான போட்டி வந்தது. மேலாளர் அறையில் ஒரு கோப்பை வைக்க இடம் காலியாக இருந்ததோ என்னவோ, ஊசி போட்டு ஆட வைத்தார்கள். கோப்பை வந்தது, முழங்கால் வரவில்லை. அதற்கு அப்புறம் அவரை மாடியில் இருந்த ரெக்கார்டு ரூமுக்குப் போட்டார்கள். படி ஏறத்தான் அவருக்கு முடியாது என்பது போஸ்டிங் போட்டவருக்குத் தோன்றவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒழுக்கத்தை வைத்துப் பிரிப்பவர்களுக்கு 1988 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த அந்தப் பள்ளி மேட்ச்சை நினைவூட்டுவேன். டெண்டுல்கரும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தார்களே, அதில் காம்ப்ளி 349, டெண்டுல்கர் 326. காம்ப்ளி 17 டெஸ்ட்டில் 54.20 சராசரி வைத்தும் 23 வயதில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. அவரைப் பற்றி எல்லோரும் எல்லாமும் பேசியாகிவிட்டது. அன்று பேட் கட்டிக்கொண்டு அடுத்து இறங்கக் காத்திருந்தவர் அமோல் முசும்தார். ரஞ்சி அறிமுகத்தில் 260, முதல்தர கிரிக்கெட்டில் 11,000-க்கு மேல் ரன். கட்டுப்பாட்டில் குறை சொல்ல ஆளில்லை. இந்தியாவுக்கு ஒரு மேட்ச் கூட ஆடவில்லை, ஏனென்றால் அந்த நடுவரிசையில் இருந்தவர்கள் டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமண். 2025-ல் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றபோது அவர்தான் கோச்.

ஆட்டம் நின்ற பிறகுதான் உண்மையான சிரமம் ஆரம்பித்தது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் முழுநேரமாகக் கவுன்ட்டருக்கு வந்தார்கள். கூடச் சேர்ந்தவர்கள் பரீட்சை எழுதி ஆபீசர் ஆகியிருந்தார்கள். இவர்களுக்கு வட்டி போடக்கூடத் தெரியாது, கேட்கவும் கூச்சம். அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் மற்றவர்கள் வருமுன் வந்து, எங்கள் கடைநிலை ஊழியர் ஒருவரிடமே பாடம் கேட்பார். இருபது வருடம் லெட்ஜர் தூக்கிக் கொடுத்த அந்த மனிதருக்கு எது எங்கே இருக்க வேண்டும் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் வந்தபோது அண்ணாச்சி பயப்படவே இல்லை. "ஏற்கெனவே ஒருதரம் தரையை மாத்திட்டானுவோ தம்பி, இது எம்மாத்திரம்" என்று விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெறும்போது அவரிடம் பாஸ்புக் போடத்தான் வரிசை நீளமாக இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு ஊருக்கே போய்விட்டார். 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் இருந்தார்கள். அன்று போனில் அண்ணாச்சி பேசிய வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. ஊரில் இப்போது செயற்கைத் தரை இருக்கிறது, பையன்கள் சின்னதிலிருந்தே அதில்தான் ஓடுகிறார்கள். நீங்களும் கோச்சிங் கொடுக்கலாமே என்றேன்.

கொடுக்கவில்லையாம். சாயங்காலம் மைதானத்துக்குப் போய், பையன்களின் சான்றிதழ்களை வாங்கிப் பார்க்கிறாராம். எந்தப் போட்டிக்கு எந்த ஃபார்ம், சங்கத்துக் கையெழுத்து இருக்கிறதா, தேதி சரியா, பெயரில் இனிஷியல் ஒத்துப்போகிறதா என்று வங்கிக்காரர் கண்ணோடு சரிபார்த்து, தப்பு இருந்தால் திருப்பி அனுப்புவாராம். "கோல் போடுதது எப்படின்னு கோச் சொல்லிக் குடுத்துக்கிடுவாரு. கோட்டாவுல வேலைக்கு மனு போட்டுட்டு, இந்த சீல் இல்லைன்னு திருப்பி அனுப்பினா எவன் கேப்பான்?"