நிற்கிற வண்டியையும் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் சரக்கு இறக்கும் சந்துகளில் ஒரு நடை போய்ப் பாருங்கள். டயரில் காற்று இறங்கி, கண்ணாடியில் புழுதி படிந்து, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற குட்டியானைகள் கண்ணில் படும். நம்பரை எம்பரிவாகன் செயலியில் தட்டிப் பார்த்தால் சிலவற்றுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிந்திருக்கும், இன்சூரன்ஸும் போயிருக்கும். அதன் பக்கத்திலேயே டிராஃபிக் போலீஸ் நின்று, ஓடுகிற வண்டிகளை மட்டும் ஓரங்கட்டிக்கொண்டிருப்பார்.

அஸ்தம்பட்டியில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். ஆர்.சி. புதுப்பிப்பு, பெயர் மாற்றம், எஃப்.சி.-க்குத் தேதி வாங்குவது எல்லாம் தினசரி வேலை. "வண்டி சும்மாதானே நிக்குதுக்கா, அதுக்கு எதுக்கு எஃப்.சி.?" என்று கேட்காத ஆள் குறைவு. அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்றுதான் சொல்கிறது. 192-வது பிரிவின் அபராதமும், முதல் தடவைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை, ஓட்டினால்தான். தெருவோரம் நிறுத்தி வைத்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் நிற்கிற வண்டி நின்றுகொண்டே இருப்பதில்லை, என் கவலையே அதுதான். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா தொடங்கியதும், சொந்தக்காரப் பையன்கள் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடு ஏறும். பல வருடமாக மாற்றாத பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஈரம் சேர்ந்தால் அது கொதிக்கும் வெப்பநிலை குறைந்துவிடும். கொதித்து ஆவியானால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டச் சொல்வதெல்லாம் இதற்காகத்தான். சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடாவருடம். சொந்த காருக்கும் பைக்குக்கும் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் முதல் சோதனை. அதையும் தள்ளிப்போட்டால் அந்த வண்டியைத் தெரிந்தவர் ஒருவர்கூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

இன்சூரன்ஸும் இப்படித்தான். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய பைக்குக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே கட்டிவிடுகிறோம். ஆறாவது வருடம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நின்ற வண்டியால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். சாலையோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், அந்தச் சாவுகளுக்கும் இன்சூரன்ஸ் பொறுப்பு உண்டு என்று 1991-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நியூயார்க் நகரத்தில் தெருவில் நிற்கும் காரின் முன்கண்ணாடியிலேயே பதிவு ஸ்டிக்கரும் சோதனை ஸ்டிக்கரும் இருக்கும். தேதி தாண்டியிருந்தால் பார்க்கிங் அலுவலர் டிக்கெட் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார். ஓட்டுநர் அங்கே இருக்க வேண்டியதே இல்லை. நமக்கு ஸ்டிக்கர்கூடத் தேவையில்லை, நம்பரைத் தட்டினால் போதும். பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த 127-வது பிரிவு போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. இழுத்துப் போகும் செலவும் உரிமையாளர் தலையில்தான்.

அதற்காக எடுத்த எடுப்பில் இழுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை. அப்பா இறந்து, ஆர்.சி. அவர் பெயரிலேயே கிடக்கும். வாரிசுகளுக்குள் பேச்சு முடியாது. கடன் அடைத்த பிறகும் ஃபைனான்ஸ் பெயர் நீங்கியிருக்காது. கட்டணமும் லேசில்லை. 15 வருடம் தாண்டிய காரைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்தான், 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. குகைப் பகுதியில் தறி ஓட்டுகிறவர், அப்பா விட்டுப்போன பழைய காருக்கு இதை எங்கிருந்து கட்டுவார்? முதலில் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டட்டும். எது முடிந்திருக்கிறது, எங்கே போக வேண்டும், எத்தனை நாள் அவகாசம் என்று தமிழில் எழுதியிருக்கட்டும். அந்த அவகாசம் போன பிறகு இழுத்துக்கொள்ளட்டும். மாநகராட்சியும் போக்குவரத்துப் போலீஸும் சேர்ந்து வாரம் ஒரு வார்டு நடந்தாலே போதும்.

உங்கள் வண்டி இனி ஓடவே ஓடாது என்றால் தெருவில் விட்டு வைக்காதீர்கள். அப்படி ஆன 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.-வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 55-வது பிரிவு சொல்கிறது. ஆர்.சி.-யை ரத்து செய்த பிறகே காயலான் கடைக்குக் கொடுங்கள். இல்லையென்றால் அந்த நம்பர் உங்கள் பெயரிலேயே இருக்கும்.