மச்சானின் மக்கான்

மச்சானுக்கு டர்பனிலிருந்து ஜோகனஸ்பர்க்குக்கு வேலை மாறிவிட்டது. குடும்பத்தோடு விமானத்தில் போய்விட்டான். வீட்டுச் சாமான்கள் லாரியில் போயின. மிஞ்சியது கார். "அத்தான், நீங்களே ஓட்டிக்கிட்டு வந்துருங்களேன். வேற யார்கிட்டயும் கொடுக்க மனசு வரல" என்றான். அதில் பாசம் கொஞ்சம், எச்சரிக்கை நிறைய.

கார், 2017 போர்ஷே மக்கான் எஸ். மக்கான் என்றால் இந்தோனேசிய மொழியில் புலி. என்னிடம் இருப்பதோ கரோலா குவெஸ்ட். டர்பனுக்குத் தெற்கே ப்ரோஸ்பெக்டன் ஆலையில் பிறந்தது, 1.8 லிட்டர், 103 கிலோவாட். துறைமுக வேலைக்குப் போய்வர அதற்கு மேல் எதற்கு? தூத்துக்குடியிலிருந்து வந்தவன் நான். மலைப்பாதை என்றால் சின்ன வயதில் மாஞ்சோலை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பயந்ததுதான் அனுபவம்.

துணைக்குப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர். டர்பனில் நம்மவர்கள் நடத்திய தனியார் பஸ்களில் 31 வருடம் டிரைவர். மகள் ஜோகனஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கிறாள், பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டு "லார்னி வண்டி தம்பி" என்றார். இங்கே பணக்காரத்தனமான எதுவும் லார்னிதான். கையில் உருளைக்கிழங்கு கறி சுருட்டிய ரொட்டி, ஒரு டிபன் பாக்ஸ் நிறைய. உள்ளே இருக்கைகள் வெளிர் நிறத் தோல். மஞ்சள் கறை படிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அன்று காலை எனக்கு முதல் கவலை.

என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் ஜோகனஸ்பர்க் சுமார் 570 கிலோமீட்டர். ஆனால் நெடுஞ்சாலையில் வேக வரம்பு 120. மணிக்கு 254 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டியை நேர்கோட்டில் 120-ல் ஓட்டி என்ன தெரிந்துகொள்ள முடியும்? பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை பழைய சாலையில் போகலாம் என்றேன். மாமாவுக்கும் அதுதான் ஆசை. அது அவர் சாலை. காம்ரேட்ஸ் மாரத்தான் 1921-லிருந்து ஓடும் சாலையும் அதுதான். கவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து ஏற்றங்களை ஓட்டக்காரர்கள் சாமி பெயர் மாதிரி வரிசையாகச் சொல்வார்கள். மாமாவும் சொல்வார், எந்த ஏற்றத்தில் எந்த கியர் என்பதையும் சேர்த்து.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பைன்டவுனில் ரோபோவுக்கு ரோபோ நின்று நகரும்போது இந்தக் கார் அவ்வளவு சுகமில்லை. (சிக்னலை இந்த நாட்டில் ரோபோ என்பார்கள். எனக்கும் இப்போது வேறு சொல் வாயில் வருவதில்லை.) இதில் இருப்பது பிடிகே என்னும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், 7 கியர். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியாக விசை மெதுவாக வழுக்கிக்கொண்டு வரும். இதில் கிளட்ச் தட்டுகள் நேராகப் பிடிக்கின்றன. ஊர்ந்து போகையில் சின்னச் சின்னத் தயக்கம், ஒரு இழுப்பு. புதிதாக கார் பழகுகிறவன் ஓட்டுவது போல இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, கறி டப்பாவை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஃபீல்ட்ஸ் ஹில் அடிவாரத்தில் பேச்சு நின்றது. 2013-ல் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று மேலிருந்து வந்து மினிபஸ் டாக்சிகள் மீது ஏறியதில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் பெரிய லாரிகளுக்கு இந்த இறக்கத்தில் தடை வந்தது. மாமா அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுக்கொள்வார்.

ஏற்றத்தில் காலை லேசாக அழுத்தினேன். 3 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 250 கிலோவாட். அதைவிட முக்கியம் 460 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் நிமிடத்துக்கு 1,450 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. என் கரோலா இந்த ஏற்றத்தில் இரண்டு கியர் இறங்கி, கத்தி, ஊரைக் கூட்டிவிட்டுத்தான் ஏறும். இது சத்தம் போடாமல் மேட்டைத் தட்டையாக்கிவிட்டுப் போயிற்று. 0-விலிருந்து 100-க்கு 5.4 வினாடி என்று கம்பெனி சொல்கிறது. மச்சான் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவான். நான் அதைச் சோதிக்கவில்லை. ஒரு மாதத்தில் எத்தனை தடவை நின்ற இடத்திலிருந்து 100-க்குப் பாய வேண்டியிருக்கிறது? இந்தக் காரின் குணம் அங்கே இல்லை, வளைவில் இருக்கிறது.

போத்தாஸ் ஹில் தாண்டியதும் வலப்பக்கம் குன்றுகளாக விரியும் பள்ளத்தாக்கு, ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு என்றே பெயர். அங்கிருந்து டிரம்மண்ட் வரை சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. கிட்டத்தட்ட 1,900 கிலோ எடை. உயரமான உடம்பு. இப்படிப்பட்ட வண்டி வளைவில் முதலில் சாயும், அப்புறம் முன்சக்கரம் வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும், அதற்குள் ஓட்டுகிறவன் வயிறு ஒரு சுற்று சுற்றிவிடும். அப்படித்தான் எதிர்பார்த்து உடம்பை இறுக்கிக்கொண்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே உள்ளே திரும்பியது. கொஞ்சம் சாய்ந்தது, அந்தச் சாய்விலேயே நிலைத்து நின்றது, திரும்பி ஆடவில்லை.

காரணம் இருக்கிறது. நான்கு சக்கர இழுவை என்று பெயர் இருந்தாலும் மக்கானில் பின்சக்கரங்கள்தான் எப்போதும் தள்ளுகின்றன. முன்சக்கரங்களுக்கு நடுவில் ஒரு கிளட்ச் வழியாக, வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் விசை போகிறது. அதனால் முன்சக்கரத்துக்குத் திரும்புவதுதான் பிரதான வேலை, இழுப்பது உதவி வேலை. பின்டயர்களும் முன்டயர்களை விட அகலம். வளைவின் பாதியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் உட்கார்ந்து, இடுப்பில் கைவைத்துத் தள்ளுவது போல வெளியே அனுப்புகிறது. வேகமானியைப் பார்த்தேன், 70தான். அந்த 70-லேயே இவ்வளவு சங்கதி நடந்தது.

"தம்பி, ஏறும்போது போட்ட கியர்லயே இறங்கணும்" என்றார் மாமா. அவர் காலத்து பஸ்ஸில் பிரேக்கை நம்பி இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஸ்டியரிங் பின்னால் இருந்த இடது கியர் துடுப்பை இரண்டு முறை தட்டினேன். மூன்றாவது கியர். எஞ்சின் உறுமியது, வண்டி தானாகத் தணிந்தது. பைன்டவுனில் மானத்தை வாங்கிய அதே கிளட்ச் இங்கே தட்டிய நொடியில் கியரை மாற்றித் தந்தது. மாமா கண்ணை மூடிக் கேட்டார். "இது சரியான கியர்" என்றார். 31 வருடம் ஓட்டியவர் காதால் சொன்னது அது.

பாலி ஷார்ட்ஸ் ஏறிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்து என்3-இல் சேர்ந்தோம். டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் வழக்கம்போல மூடுபனி, வழக்கம்போல லாரிகள். ஹவிக் தாண்டும்போது மாமா சாலைக்கு அப்பால் கையைக் காட்டினார். 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைப் போலீஸ் மடக்கியது அந்தப் பக்கம்தான். காரோட்டி வேஷத்தில் வந்துகொண்டிருந்தார். "அவரும் அடுத்தவன் காருக்கு டிரைவர்தான் தம்பி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வான் ரீனன் கணவாய் கிட்டத்தட்ட 1,700 மீட்டர். ஜோகனஸ்பர்க் அதற்கும் கொஞ்சம் மேலே, 1,750. காற்று அங்கே மெல்லியது. டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். என் கரோலாவின் 103 கிலோவாட் அங்கே போனால் 85 பக்கம் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவதால் கொஞ்சம் கூடுதலாக உழைத்து இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. கணவாயில் இடது தடத்தில் லாரிகள் ஊர்ந்தன. 80-லிருந்து 120-க்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான். மேட்டுநில மக்கள் ஏன் டர்போ டர்போ என்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல். உள்நாட்டில் 93 ஆக்டேனும் உண்டு, 95-ம் உண்டு. பெட்ரோல் போடும் பையன் 93 போடட்டுமா என்றான். மாமா முந்திக்கொண்டு "95, 95" என்றார். காற்றை அமுக்கும் எஞ்சினுக்கு மட்டமான எண்ணெய் ஆகாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதுவரை சராசரியாக 100 கிலோமீட்டருக்கு 11.4 லிட்டர் என்று திரை காட்டியது. கணவாயில் ஆடிய ஆட்டத்துக்கு அது பரவாயில்லை.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. டீ குடிக்க நெடுஞ்சாலையை விட்டு ஒரு சின்ன ஊருக்குள் திரும்பினேன். சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்குக் கீழே பள்ளம். டமால். இருபது அங்குலச் சக்கரம், அதில் ஒட்டினாற்போல மெல்லிய டயர். வளைவில் கத்தி மாதிரி திரும்புவதற்கு அந்த மெல்லிய டயரும் ஒரு காரணம், பள்ளத்தில் அடியை அப்படியே முதுகெலும்புக்கு அனுப்புவதற்கும் அதுவேதான். இறங்கிப் பார்த்தேன். டயர் தப்பித்தது. இடது முன்சக்கர ரிம்மின் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல். மாமா குனிந்து தடவிப் பார்த்து "பஸ்ஸுக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். அது பஸ் இல்லை என்பதுதானே பிரச்சினை.

மாலையில் போய்ச் சேர்ந்தோம். மச்சான் வாசலிலேயே நின்றிருந்தான். "எப்படி அத்தான் வண்டி, பறந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வலப்பக்கத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தான். நான் போத்தாஸ் ஹில் வளைவைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டே கூட நடந்தேன். இடது முன்சக்கரத்துக்கு இரண்டடி இருக்கும்போது மாமா டிபன் பாக்ஸைத் திறந்து குறுக்கே நீட்டினார். "தம்பி, முதல்ல ஒரு ரொட்டி சாப்பிடு."