கொசோவோ ஒரு நாடா? எந்த அலுவலகத்தில் கேட்கிறீர்கள்?

நாடு என்றால் என்ன என்று பேச்சு வந்தால் உடனே 1933 மொண்டெவிடியோ உடன்படிக்கையை எடுத்துவிடுவார்கள். நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் என்ற நான்கு தகுதிகள். தென்கிழக்கு ஐரோப்பாவில் செர்பியா இன்றும் தன் பகுதி என்று சொல்லும் கொசோவோவுக்கு, செர்பியர்கள் வாழும் அதன் வடபகுதித் தகராறை ஒதுக்கிவிட்டால், நான்கும் உண்டு. ஆனால் நடைமுறையில் யாரும் அந்தப் பட்டியலை வைத்துக் கதவைத் திறப்பதில்லை.

2008 பிப்ரவரி 17 அன்று கொசோவோ செர்பியாவிடமிருந்து விடுதலையை அறிவித்தது. அந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010இல் சர்வதேச நீதிமன்றம் கருத்து சொன்னது. ‘கொசோவோ நாடுதான் என்று தீர்ப்பு வந்துவிட்டது’ என இன்றும் எழுதுகிறார்கள். அது தவறு, நீதிமன்றத்திடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை.

ஐ.நா.வில் சேரப் பாதுகாப்பு சபையில் 15க்கு 9 வாக்கு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரும் வீட்டோ (தடை வாக்கு) போடக் கூடாது. பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு. கொசோவோவை நாடாக ஏற்காத ரஷ்யாவும் சீனாவும் அங்கே நிரந்தர உறுப்பினர்களாக இருக்கும்வரை முதல் படியே ஏறாது. வீட்டோ இல்லாத இடங்களில் கதை வேறு. 2009இல் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) சேர்த்துக்கொண்டது. 2015இல் யுனெஸ்கோவில் 95 வாக்கு தேவைப்பட, 92 கிடைத்துத் தோற்றது. ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே ஏற்றுக்கொண்டதால், 2016 ரியோவில் ஜூடோ வீராங்கனை மஜ்லிண்டா கெல்மெண்டி கொசோவோ கொடியோடு தங்கம் வாங்கினார்.

அன்றாடத் தொல்லை குறியீடுகளில்தான். இணைய முகவரியின் நாட்டு எழுத்துகள் ஐ.எஸ்.ஓ. 3166 என்ற சர்வதேச நாட்டுக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து வருபவை. அந்தப் பட்டியலோ ஐ.நா. பெயர்களை ஒட்டியது. ஐ.நா.வில் இல்லாத தைவானுக்குக்கூட ‘சீனாவின் மாகாணம்’ என்ற பெயரில் இடம் கிடைத்து, டாட் டிடபிள்யூ (.tw) என்ற இணைய முகவரி இருக்கிறது. கொசோவோவுக்கு ஒன்றுமில்லை. கொசோவோவுக்குப் பலர் பயன்படுத்தும் ‘எக்ஸ்கே’ (XK) என்பது பயனர்கள் தாங்களே வைத்துக்கொள்ள விடப்பட்ட தற்காலிக எழுத்து; அதை வைத்து டொமைன் வாங்க முடியாது. தொலைபேசிக்கு +383 ஒதுக்கப்பட்டதே 2016 டிசம்பரில். அதுவரை வீட்டு போனுக்குச் செர்பியாவின் எண், செல்போனுக்கு மொனாக்கோ அல்லது ஸ்லோவேனியாவின் எண்!

மின்சாரத்தில் இது ஒரே மின்வலையில் இணைந்த ஐரோப்பாவின் பெரும்பகுதியைத் தொட்டது. கொசோவோ தன் உற்பத்தியைவிட அதிகம் இழுத்தது. அதன் கட்டமைப்பு செர்பியாவின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கணக்கிடப்பட்டதால், ஈடுகட்டும் பொறுப்பு செர்பியாவுடையது, அது ஈடுகட்டவில்லை. 2018 ஜனவரி முதல் மார்ச் வரை 113 ஜிகாவாட் மணி மின்சாரம் குறைந்து, அந்த மின்வலையின் அதிர்வெண் வழக்கமான 50 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. அந்த அதிர்வை எண்ணி ஓடும் அடுப்பு, அலாரம் கடிகாரங்கள் பல நாடுகளில் ஏறக்குறைய 6 நிமிடம் பின்தங்கின. 2020 டிசம்பரில் கொசோவோவின் மின்கட்டமைப்பு செர்பியாவின் பகுதியிலிருந்து பிரிந்து அல்பேனியாவோடு ஒரே தொகுதியானது. ஐ.நா. இருக்கை மட்டும் இன்னும் இல்லை.