அடுப்படிச் சுவர் மூன்றாவது தடவை நின்றது

ஒன்பது நாளாகிறது, ஒரு கீறல் இல்லை. காரைக்குடிப் பக்கம் எங்கள் ஐயா வீட்டு அடுப்படியில், அடுப்பு மேடைக்குப் பின்சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்புப் பூச்சு பூசி, இரண்டு தடவையும் உரித்துப் போட்டோம். இப்போது நகத்தால் அழுத்தினாலும் தடம் விழவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வினையெல்லாம் பழைய சிமென்டால் வந்தது. எப்போதோ இடுப்புயரத்துக்குப் பூசி வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதற்கு மேலே போய் உப்பாகப் பூத்து, தலைமுறைகளாக நின்ற காரையைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிட்டது. செங்கல்லில் அடிபடாமல் சின்ன உளியால் அந்தச் சிமென்டைக் கொத்தி எடுக்கவே பன்னிரண்டு நாள்.

கலவையில் குறையில்லை, ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று, கடுக்காயும் கருப்பட்டியும் பத்து நாள் ஊறிய தண்ணீர். கோளாறு ஈரத்தில்தான். முதல் தடவை சித்திரை வெயிலில் சும்மா தண்ணீர் தெளித்துவிட்டுப் பூசினோம், காய்ந்து கிடந்த செங்கல் பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது, காலையில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. அடுத்த தடவை ஒரே பூச்சில் ஒரு அங்குலக் கனம், அதுவும் வெடித்தது. "தம்பி, சுண்ணாம்பு காயக்கூடாது, இறுகணும்" என்றார் கொத்தனார். சரிதான், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் அது கல்லாகிறது, அதற்குள் ஈரம் போய்விட்டால் வெறும் பொடிதான். இந்தத் தடவை இரண்டு நாள் காலையும் மாலையும் சுவர் குளிரக் குளிரத் தண்ணீர் விட்டு, அரை அங்குலத்துக்கும் குறைவாக இரண்டு பூச்சு, அப்புறம் ஒரு வாரம் நனைத்த சாக்கு.

மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. மூலையில் ஒரு முழம் பூசி கூழாங்கல்லால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒட்டக்கூடாது, ஆனால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், அந்த நேரத்தில் தேய்த்தால்தான் பளபளப்பு ஏறுகிறது. கால் மணி நேரம் முந்தினாலும் கல்லோடு பெயர்ந்து வருகிறது.

தரையில் பதினொரு ஆத்தங்குடிக் கல், அதாவது அந்த ஊரில் கையால் செய்யும் வண்ணத் தரை ஓடு, உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு ஒன்றை ஆத்தங்குடிக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கண்ணாடி மேல் சாயம் ஊற்றி அதே பச்சை வருமா என்று பார்க்கச் சொல்லி. மசாலா டப்பா வைக்கப் பழைய தேக்கு அலமாரி ஒன்றை முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்த்து வைத்திருக்கிறேன், விலை இன்னும் படியவில்லை. புகைபோக்கியை அடைக்கப் போவதில்லை, புதுச் சிம்னியின் குழாயை அதன் வழியாகவே விடலாமா என்று அளந்துகொண்டிருக்கிறேன்.