பெரட்டுக்குப் பிந்தாதவள்

மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் துணையாசிரியராக இருந்தேன். இராத்திரி ஷிப்ட். வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போனபின் வீடு வந்தால், அப்பா படுத்தபடியே கேட்பார்: "நாளைக்கு உன் பேரு வருதா?" அடுத்தவர் எழுதியதைத் திருத்துகிறவள் பேர் எங்கே வரும்? பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு இதை விளங்கவைக்க என்னால் ஆகவில்லை.

கணவருக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறினோம். எனக்குக் கிடைத்தது குடும்பத்தாருக்கான பாஸ். அதை வைத்துச் சம்பளத்துக்குப் போக முடியாது. மூன்று மாதம் அடுப்பையும் ஜன்னலுக்கு வெளியே போகிற மோனோரயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் புழங்கும் ஊர்தானே என்ற தெம்பில் வந்தவள். முதல் வாரமே கீழ்வீட்டு அக்கா லிப்டில் "பசியாறிட்டியாம்மா?" என்றார். பட்டினி கிடந்தவளை விசாரிக்கிற மாதிரி எனக்குச் சுருக்கென்றது. காலைப் பலகாரம் ஆயிற்றா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்கிறார்கள். கீரைக்காரர் "ரெண்டு வெள்ளி" என்றபோதும் விழித்தேன். ரிங்கிட்டுக்கு இங்கே வெள்ளி என்று பெயர்.

அந்த அக்காவின் கணவர் நாற்பது வருடம் தமிழ்ப் பத்திரிகைகளில் இருந்தவர். சார் என்று கூப்பிட்டேன். "சார்லாம் வாத்தியாருக்கு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அண்ணன்தான்" என்றார். எழுபத்து நாலு வயதுக்காரரை அண்ணன் என்று கூப்பிட இரண்டு வாரம் பிடித்தது.

சாயங்காலம் மூவரும் கீழே ஒட்டுக்கடையில் உட்காருவோம். அண்ணனுக்குத் தே ஓ கோசோங் என்கிற டீ. "கோசோங்னா வெறுசு, தங்கச்சி. பாலும் கெடயாது, சீனியும் கெடயாது. ரிட்டையர் ஆனவன் குடிக்கிற தண்ணி." அக்கா மட்டும் அவர் முகத்துக்கு நேரே, பாலும் சீனியும் போட்டு ஆற்றிய தே தாரிக்கை நுரை தளும்பக் குடிப்பார்.

அண்ணன் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் பள்ளி விளையாட்டுப் போட்டியையும் எழுதி அனுப்பத் தொடங்கி, கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். டிசம்பர் வந்தால் ஆசிரியருக்கு வயிற்றைக் கலக்குமாம். 1984 அச்சகச் சட்டப்படி பத்திரிகை உரிமத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூன்று பத்திரிகைகளுக்கும் உரிமம் போன வாரத்தில், தன் தலைப்புகளைத் தானே நாலு தடவை மாற்றியதாகச் சொன்னார். 2012-ல் சட்டத்தைத் திருத்தி வருடாந்தரப் புதுப்பிப்பை எடுத்தார்கள். "அப்ப நான் ஓய்வுக்குத் தயாராயிட்டேன். பயந்த பழக்கம் மட்டும் போகல."

எனக்குத் தெரிந்ததை நானும் எடுத்து விட்டேன். எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1952-ல் இங்கே வந்து 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தாரே என்றேன். "ஆமா, 57-ல திரும்பிட்டாரு. நீயும் அஞ்சு வருசத்துல ஓடிருவ" என்று சிரித்தார். 1924-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அதன் கடைசி இதழை அரிசிப் பைக்குள் வைத்துப் பரணில் போட்டிருக்கிறார். எடுத்துக் காட்டச் சொன்னேன். "வேணாம்மா, தூசி" என்றார்.

எனக்கு வேலை இல்லை என்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். தினமும் தாளைக் கொண்டுவந்து அஞ்சலிப் பக்கத்தைப் பிரிப்பார். எங்கள் ஊரில் நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, விளம்பரப் பிரிவின் வேலை. இவரோ அதைத்தான் முதலில் படிப்பார். "இந்த ஆத்தா பொறந்தது தோட்டத்துல. மூத்தவன் கிள்ளான்ல, நடுவுலவன் ஜொகூர்ல, கடைசிப் பொண்ணு மெல்பர்ன். மருமகன் பேரு பாரு, டான். பேரப்புள்ளைங்க பேரைத் தமிழ்ல எழுதத் தெரியாம இங்கிலீஷ்லயே விட்டுட்டாங்க." கால் பக்க விளம்பரத்தில் ஒரு குடும்பத்தின் எழுபது வருடத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். அவர் மகளும் மெல்பர்னில்தான் இருக்கிறாள் என்று அக்கா பிறகு சொன்னார்.

ஒருநாள் நான்கு தாள் நீட்டினார். அவர் அம்மாவைப் பற்றி எழுதியது. "படிச்சுப் பாரு. ஒன் கைய வை."

கை சும்மா இருந்து மாதக்கணக்காகியிருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'பெரட்டுக்கு ஓடுவார்' என்பதை அடித்து 'புரட்டு?' என்று போட்டேன். 'பால் மரம் வெட்டினார்' என்பதில் 'எந்த மரம்? ஏன் வெட்டினார்?' என்று ஓரத்தில் கேட்டேன். 'மங்கு' மண்பாண்டமா என்றும் கேட்டிருந்தேன்.

மறுநாள் அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்காதான் சொன்னார். விடியுமுன் இருட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது பெரட்டு. பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். வெட்டு என்றால் ரப்பர் மரத்துப் பட்டையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவுவது. குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும், அதனால்தான் இருட்டிலேயே கிளம்புவது. மங்கு, பாலைப் பிடிக்கிற கிண்ணம். மழை பிடித்துக்கொண்டால் பாலோடு கூலியும் கரைந்து போகும். சொல்லும்போது அக்காவின் வலது கை மேசையோரத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்தது. அவரும் பதினாறு வயதுவரை வெட்டினவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிவப்புக் கோடுகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அண்ணனுடைய அம்மாவின் பத்தாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. ஊரார் வீட்டு அஞ்சலிக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுத்தவர், நான்கு நாள் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில், "நீ எழுது தங்கச்சி. எனக்கு அவங்க வயசும் தேதியுந்தான் வருது."

ஆறு வரி எழுதினேன். முதல் வரி: 'ஒருநாளும் பெரட்டுக்குப் பிந்தாதவளே.' அவர் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினார், அவ்வளவுதான்.

தாள் வந்த காலை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இங்கே ஒன்பது மணி, அங்கே ஆறரை. உடனே கூப்பிட்டார்.

"உன் பேரு எங்கம்மா?"

"இதுலயும் வராதுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார் போல.

"அது சரி, பெரட்டுன்னா என்ன?"

அடுப்பைத் தணித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.