ப்ளுஸ்கபார்ஃபேல வினைச்சொல் மாத்தறது: நான் படிச்ச வழி

டெல்ஃப் பி1ங்கற ஃப்ரெஞ்ச் மொழித் தேர்வு எழுதறதுக்காக பாண்டிச்சேரில ஃப்ரெஞ்ச் க்ளாஸ் போயிட்டிருந்தப்போ, பாஸே கொம்போஸே (முடிஞ்ச செயலச் சொல்ற இறந்தகாலம்), ஆம்பார்ஃபே (அப்போ இருந்த நிலைமையச் சொல்ற இறந்தகாலம்) ரெண்டும் முடிச்ச கையோட வந்தது ப்ளுஸ்கபார்ஃபேங்கற இன்னொரு இறந்தகாலம். பேரைக் கேட்டதுமே க்ளாஸ்ல பாதிப் பேர் மிரண்டுட்டாங்க, ஆனா முன்னாடி படிச்ச அந்த ரெண்டும் கைவசம் இருந்தா இதுல புதுசா மனப்பாடம் பண்ண ஒண்ணுமே கிடையாது, இதைத்தான் இப்போ படிக்கிறவங்களுக்கு சொல்லணும்னு தோணுச்சு.

எதுக்கு இந்தக் காலம்னா, நடந்து முடிஞ்ச ஒரு விஷயத்துக்கும் முன்னாடியே நடந்து முடிஞ்சத சொல்றதுக்கு. "நான் போறதுக்குள்ள அவர் பேசியிருந்தார்" அப்படின்னு நாம தினமும் சொல்றதுதான். நம்ம "பேசியிருந்தார்"ஐ பிரிச்சா பேசி, இருந்தார்னு ரெண்டு துண்டு வருது, ஆள் மாறினா மாறுறது பின்னாடி இருக்கிற "இருந்தார்" மட்டும்தான், "பேசி" அப்படியே நிக்கும். ஃப்ரெஞ்ச்லயும் அதே ரெண்டு துண்டு, வரிசை மட்டும் தலைகீழ், துணை வினை முன்னாடி வந்து மெயின் வினை பின்னாடி வரும். இது புரிஞ்ச அன்னிக்கே பாதி பயம் போச்சு எனக்கு.

முதல்ல துணை வினை. நிறைய வினைக்கு அது அவுவார்தான் (கிட்ட வச்சிருக்கிறது). அதை ஆம்பார்ஃபேக்கு கொண்டு வரணும், அதாவது நிகழ்காலத்துல "நூ ஸவோன்" (நாங்க வச்சிருக்கோம்) எடுத்து கடைசில இருக்கிற ஓ-என்-எஸ் தூக்கிட்டா ஏ-வி மிஞ்சும், அதோட வழக்கமான விகுதிகள சேர்க்கணும். அப்புறம் பார்லேல (பேசறது) ஈ-ஆர் எடுத்துட்டு மேல கோடு போட்ட ஈ வைக்கணும். அவ்ளோதான், நான், நீ, அவர், நாங்க, நீங்க, அவங்கங்கற வரிசைல ஜவே பார்லே, த்யு அவே பார்லே, இல் அவே பார்லே, நூ ஸவியோன் பார்லே, வூ ஸவியே பார்லே, இல் ஸவே பார்லே. ஐ-ஆர்ல முடியற ஃபினீர் (முடிக்கறது) மாதிரி வினைன்னா ஆர் மட்டும் போய் ஃபினி ஆகும், ஆர்-ஈல முடியற வாந்த்ர் (விக்கறது) வாந்த்யு ஆகும். ஜவே ஃபினி, ஜவே வாந்த்யு. ஒழுங்கான வினைன்னா இதுக்கு மேல வேலை இல்ல.

எனக்கு நேரம் பிடிச்சது எழுத்துக்குத்தான். நான், நீ, அவர், அவங்க நாலு பேருக்கும் காதுக்கு ஒரே "அவே"தான், எழுதறப்போ ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-டி, ஏ-ஐ-ஈ-என்-டி. அதனால வாயால சொல்லிச் சொல்லிப் பாக்கறது பத்தாது, கையால எழுதியே ஆகணும். நான் அட்டவணையா எழுதறத விட்டுட்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுத ஆரம்பிச்சேன், அதுவும் ரெண்டு செயல் வர்ற மாதிரி, ஒண்ணு பாஸே கொம்போஸேல ஒண்ணு இதுல. "கான் ஜ ஸுயி ஆரிவே, இல் ஸவே தேஜா ஃபெர்மே லா பூத்தீக்", நான் போனப்போ கடைய ஏற்கனவே மூடியிருந்தாங்க. எது முதல்ல நடந்துச்சுன்னு யோசிக்காம இப்படி ஒரு வாக்கியம் எழுதவே முடியாது, அதான் இதோட பலமே. "தேஜா" துணை வினைக்கும் மெயின் வினைக்கும் நடுவுல உக்காரும், அதையும் கவனிச்சுக்கோங்க. இல்லன்னு சொல்றப்போ நெ, பா ரெண்டும் துணை வினையத்தான் ரெண்டு பக்கமும் பிடிக்கும், "ஜ நவே பா பார்லே", நான் பேசியிருக்கல.

அடுத்து அவுவாருக்குப் பதிலா ஏத்ர் (இருக்கிறது) எடுக்கிற கூட்டம். ஆரிவே (வந்து சேர்றது), ஆந்த்ரே (உள்ள போறது), தோம்பே (விழறது), ரெஸ்தே (தங்கறது) எல்லாம் மாத்தற விதத்துல ஒழுங்கான வினைங்கதான், ஆனா துணைக்கு ஏத்ர்தான் வரும், ஜேத்தே ஆரிவே, நூ ஸேத்தியோன் ஆரிவே. இங்க ஆள் பொண்ணா இருந்தா கடைசில இன்னொரு ஈ, பல பேர்னா எஸ். மோந்தே மாதிரி சிலது ரெண்டு பக்கமும் போகும், நானே மாடி ஏறியிருந்தா ஏத்ர், பெட்டிய மேல தூக்கிட்டுப் போயிருந்தா அவுவார். "ஜ மேத்தே லாவே" (நான் குளிச்சிருந்தேன்) மாதிரி தன்னைத்தானே செஞ்சுக்கிற வினை எல்லாத்துக்கும் ஏத்ர்தான்.

அவுவார் வந்தா ஈ, எஸ் தொல்லை இல்லன்னு நிம்மதியா இருக்கறப்போதான் இன்னொரு விதி வரும், செயப்படுபொருள் வினைக்கு முன்னாடி வந்துட்டா அதுக்கேத்த மாதிரி மாத்தணும். "லா லெத்ர் க ஜவே போஸ்தே", நான் தபால்ல போட்டிருந்த கடிதம், லெத்ர் பெண்பால்ங்கறதால போஸ்தேக்கு இன்னொரு ஈ, காதுல எந்த வித்தியாசமும் கேக்காது. 16ஆம் நூற்றாண்டுல க்ளெமான் மரோங்கற கவிஞர் இத்தாலியன்ல இப்படித்தான் எழுதறாங்கன்னு காட்டி இந்த விதிய ஒரு கவிதையாவே எழுதி வச்சாராம். அந்தக் கதை தெரிஞ்சதுக்கப்புறம் எனக்கு இந்த விதி மறக்கவே இல்ல.

"ஸி" (நம்ம "பண்ணா", "போனா"ல வர்ற நிபந்தனை) வர்ற வாக்கியமும் கண்டிப்பா பழகிக்கோங்க. "ஸி த்யு மவே தெலெஃபோனே, ஜ ஸெரே ரெஸ்தே ஆ லா மேஸோன்", நீ ஃபோன் பண்ணியிருந்தா நான் வீட்லயே இருந்திருப்பேன். நம்ம "பண்ணியிருந்தா" இருக்கிற எடத்துல அவங்க ப்ளுஸ்கபார்ஃபே வைக்கறாங்க, நமக்கு இது ரொம்ப இயல்பா வரும், ஸிக்குப் பின்னாடி கோந்திஸியோனேல் ("இருந்திருப்பேன்" மாதிரி வடிவம்) மட்டும் வைக்கக் கூடாது.

பி1ல எழுத்துப் பகுதிக்கு 45 நிமிஷம், குறைஞ்சது 160 வார்த்தை, ஒரு அனுபவத்த எழுதச் சொல்றதும் உண்டு. கதைய பாஸே கொம்போஸேல நடத்திட்டு, சூழ்நிலைக்கு ஆம்பார்ஃபே வச்சுட்டு, பின்னாடி திரும்பிப் பாக்கற எடத்துல மட்டும் ரெண்டு மூணு ப்ளுஸ்கபார்ஃபே வச்சேன். எழுதி முடிச்சதும் கடைசி அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வொண்ணுலயும் துணை வினை சரியா, விகுதி சரியா, ஈ எஸ் வேணுமான்னு இந்த வரிசைலயே பாத்துட்டுத்தான் பேப்பரக் குடுத்தேன்.