இரண்டு பாம்புகளின் வீடு

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிப் பாலையில் இருக்கும் உலுரு பாறையை விடியலில் ஒரு முறையும் அந்தியில் ஒரு முறையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் எங்கள் திட்டம். பாறைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் உள்ள பண்பாட்டு மையத்தில், முகத்தை மொய்க்கும் ஈக்களிடமிருந்து தப்பி அரை மணி நேரம் இளைப்பாறலாம் என்று இறங்கிய நானும் மனைவியும், மூன்று மணி நேரம் கழித்தே வெளியே வந்தோம்.

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. கேமராவைப் பைக்குள் வைத்தபோது எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது.

1985 அக்டோபர் 26 அன்று இந்த நிலத்தின் உரிமை அதன் பூர்வகுடிகளான அணங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசின் பூங்கா நிர்வாகத்துக்கு விட்டு, அதனுடன் சேர்ந்து நிர்வகித்து வருகிறார்கள். அந்த நாளின் பத்தாம் ஆண்டு நிறைவில், 1995-இல், இந்த மையம் திறக்கப்பட்டது. கிரெகரி பர்ஜெஸ் என்னும் கட்டடக் கலைஞர் அணங்கு மக்களுடன் கலந்து பேசி வடிவமைத்த இதில், மண்ணோடு மண்ணாக வளைந்து கிடக்கும் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று அணங்கு மக்களின் கதையில் வரும் குனியா என்னும் மலைப்பாம்புப் பெண்ணின் வடிவம். மற்றது லிரு என்னும் நச்சுப்பாம்பு ஆண். சுவர்கள் பச்சை மண் செங்கல்லால் ஆனவை. நேர்கோட்டில் செல்லும் சுவரைத் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

மொழியைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘அணங்கு’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டாவதாக வரும் n எழுத்தின் கீழ் ஒரு கோடு இடுகிறார்கள். அது நம்முடைய ணகரம். அவர்கள் மொழியில் அதற்கு மனிதர் என்று பொருள். சங்கப் பாடல்களின் அணங்குக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை என்று தெரிந்திருந்தும், காது ஒரு கணம் நின்று கேட்கத்தான் செய்தது. உலுருவின் கடைசி மெய்க்குக் கீழும் அதே போன்ற கோடு உண்டு. அந்த ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது. உலகெங்கும் தவறாக ஒலிக்கப்படும் அந்தப் பெயரைத் தமிழர் எளிதாகச் சரியாகச் சொல்லிவிடலாம் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.

முதல் கூடத்தில் ஜுகுர்பா விளக்கப்படுகிறது. உலகம் உருவான காலம், நிலத்தின் சட்டம், உறவு முறை, உண்ணத்தக்கவை பற்றிய அறிவு ஆகிய அனைத்தையும் அந்த ஒரே சொல் தாங்குகிறது. ஆனால் வந்தவர்களிடம் எல்லாமே சொல்லப்படுவதில்லை. ஆண்களுக்கு உரியவை, பெண்களுக்கு உரியவை, வயதும் தகுதியும் வந்தபின் மட்டும் கற்பிக்கப்படுபவை என்று அறிவு அங்கே பகுக்கப்பட்டிருக்கிறது. பொதுவில் சொல்லத் தடை இல்லாத பகுதியே நமக்கு. எதையும் இணையத்தில் தேடி எடுத்துவிடலாம் என்று பழகிப்போன எனக்கு, ஒரு கண்காட்சி இவ்வளவு அமைதியாக, இதற்கு மேல் உனக்கு இல்லை என்று சொன்னது புதிதாக இருந்தது. என் எரிச்சல் எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

கலைக் கூடங்களில் ஒன்று அணங்கு மக்களுக்கே சொந்தமான மருக்கு அமைப்பினுடையது. முல்கா மரத்திலும் ஆற்றோர யூகலிப்டஸ் மரத்தின் வேரிலும் செதுக்கிய பாத்திரங்களும் பல்லி வடிவங்களும் அங்கே வரிசையாக இருந்தன. நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தைச் சுட்டுச் சுட்டு அவற்றின் மேல் கோலமிடுகிறார்கள். அந்தக் கோலங்களுக்கு வல்கா என்று பெயர். துணி ஓவியங்களில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வட்டம் நீர்நிலையாகவோ தங்குமிடமாகவோ இருக்கலாம். லாட வடிவம் அமர்ந்திருக்கும் ஆள், மணலில் உட்கார்ந்து எழுந்தால் பதியும் தடம். புள்ளிகளைக் கண்டதும் புள்ளிக்கோலத்தோடு ஒப்பிட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நம் புள்ளி கோட்டை வழிநடத்துவதற்கு. பாலை ஓவியங்களிலோ பொதுவில் காட்டக்கூடாத குறிகளை மறைப்பதற்கும் புள்ளிகள் பயன்பட்டிருக்கின்றன என்பதால் அந்த ஒப்பீட்டை விட்டுவிட்டேன்.

மனைவி இனிந்தி விதை மாலை ஒன்றை வாங்கினாள். பாலையில் பெண்கள் பொறுக்கி வந்து, சூடான கம்பியால் துளையிட்டுக் கோக்கும் சிவப்பு விதைகள் அவை. அந்த மரம் நம் ஊர் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையின் நெருங்கிய இனம்.

348 மீட்டர் உயரமுள்ள பாறையில் ஏறவேண்டாம் என்று அணங்கு மக்கள் பல ஆண்டுகளாக வேண்டிக்கொண்டிருந்தும், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மக்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் ஏறும்போது இறந்திருக்கிறார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது முழுமையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. நினைவுப் பொருளாகக் கல்லை எடுத்துச் சென்றவர்கள் பலர், பின்னாளில் மன்னிப்புக் கடிதத்தோடு அதை அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதையும் அறிந்தோம்.

மாலையில் பாறையின் அடியில் இருக்கும் முட்டிஜுலு சுனைக்கு நடந்தோம். தன் உடன்பிறந்தாரின் மகனை லிருக்கள் கொன்றதால் சினந்த குனியா, லிரு வீரன் ஒருவனைக் கிழங்கு அகழும் கோலால் இரு முறை தலையில் அடித்து வீழ்த்தினாள் என்பது கதை. (ஆங்கிலப் பலகை அண்ணன் மகனையும் அக்காள் மகனையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது, நமக்கு அது போதாது.) அந்த இரண்டு அடிகளும் பாறையில் இரண்டு வெடிப்புகளாக நிற்கின்றன. காலையில் பார்த்திருந்தால் அவை எனக்கு வெறும் வெடிப்புகள். கேமரா கையில் இருந்தும் மனைவி காட்டிய திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். குனியாவும் இறந்த பிள்ளையும் வனம்பி என்னும் நீர்ப்பாம்பாகி இன்றும் காத்துவரும் அந்தச் சுனையில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அங்கிருந்த யாரும் அதில் கால் நனைக்கவில்லை.